கல்லுக்கு இருந்த கணக்கு ஊருக்கு இல்லை

அணைக் கோட்டங்களில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முழுகு பகுதிப் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஓட்டு வீடு எத்தனை, கூரை வீடு எத்தனை, கிணறு, தென்னை, புளிய மரம், கோயில் என்று கட்டம் கட்டமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, தொகை கொடுத்துக் கணக்கை முடிப்போம். கணக்கு முடிந்த பிறகு அந்த ஊர் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

மகளைப் பார்க்க செர்பியா போயிருந்தேன். பெல்கிரேடிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் டோன்யி மிலனோவட்ஸ் என்று ஒரு சிற்றூர். டான்யூப் நதியோரம், மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். எதிர்க்கரை ருமேனியா. நதி அங்கே ஏரி போல விரிந்து கிடக்கிறது. கரையோரக் காப்பிக் கடையில் எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் பேச்சுக் கொடுத்தார். அணை வேலையில் இருந்தவன் என்று மகள் சொன்னதும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை இரண்டு வரிசையாக அடுக்கினார். நடுவில் இருந்தது தெரு. தன் காப்பிக் கோப்பையை ஒரு முனையில் வைத்து, இது தேவாலயம் என்றார். சாம்பல் கிண்ணம் பள்ளிக்கூடம். மூன்றாவது பொட்டலத்தைத் தட்டி, எங்கள் வீடு என்றார். பிறகு கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினார். எல்லாம் அங்கே இருக்கிறது. தண்ணீர் ஏறியபோது அவருக்குப் பதினாறு வயது.

அந்த ஊருக்கு அது முதல் இடப்பெயர்ச்சியும் இல்லை. பழைய ஊர் போரெச் என்ற ஆற்றுத் தீவில் இருந்தது. வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துப் போட்டதால், 1830-களின் தொடக்கத்தில் இளவரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச் அதைக் கரைக்குக் கொண்டுவந்தார். தெருக்களை முன்கூட்டியே வரைந்து கட்டிய ஊர் அது. செர்பியாவில் அப்போது அது புதுமை. மகன் மிலன் பெயரைச் சூட்டினார். அந்த மகன் 1839-ல் பட்டத்துக்கு வந்து 26 நாளில் நோயில் இறந்துபோனார். தான் ஆட்சிக்கு வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது என்பார்கள். பெயர் மட்டும் ஊரில் நிலைத்தது.

தீவு ஊரில் 1803-ல் பிறந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மிஷா அனஸ்தாசியேவிச். டான்யூபில் உப்பு வணிகம் செய்து, சொந்தக் கப்பல்கள் ஓட்டி, செர்பியாவின் பெரும் பணக்காரர் ஆனவர். பெல்கிரேடில் அவர் எழுப்பிய மாளிகையை 1863-ல் கல்விக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் பெல்கிரேட் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் அதில்தான் நடக்கிறது. அவர் பிறந்த தீவு தண்ணீருக்கு அடியில்.

அந்தத் தண்ணீர் எப்படி வந்தது? டான்யூப் அங்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் மலைகளைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. ஜெர்தாப் பள்ளத்தாக்கு என்பது செர்பியப் பெயர். உலகம் இரும்பு வாயில் என்கிறது. பாறைகளும் சுழல்களும் கப்பல்காரர்களின் உயிரை எடுத்த இடம். 1896-ல் சிப் என்ற இடத்தில் கால்வாய் வெட்டிப் பார்த்தார்கள். அதில் நீரோட்டம் இருந்த வேகத்துக்குக் கப்பலால் எதிரேறி வர முடியவில்லை. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் கரையில் தண்டவாளம் போட்டு, ரயில் எஞ்சினைக் கொண்டு கப்பல்களைக் கட்டி இழுத்தார்கள். ஆகவே அணை தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. செர்பியா அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து 1964-ல் வேலையைத் தொடங்கி 1972-ல் முடித்தன. இரு நாட்டுத் தலைவர்களான திட்டோவும் சௌசெஸ்குவும் வந்து திறந்தார்கள். இரு கரையிலும் கரைக்கு ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தித் திறன். அணையருகே நீர்மட்டம் 35 மீட்டர் உயர்ந்தது. இரண்டு நாட்டிலும் சேர்த்து சுமார் 17,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். ருமேனியப் பக்கத்தில் துருக்கியர் வாழ்ந்த அடா காலே என்ற தீவு அடியோடு போயிற்று.

அதே தண்ணீரிலிருந்து எதையெல்லாம் தூக்கி எடுத்தார்கள் என்பதையும் பார்த்தேன். டோன்யி மிலனோவட்ஸிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் மேலே லெபென்ஸ்கி வீர். 1965-ல் டிராகோஸ்லாவ் ஸ்ரெயோவிச் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டத் தொடங்கினார். அணை எழும்பிக்கொண்டிருக்க, நேரத்தோடு போட்டி போட்டுத் தோண்டினார்கள். எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. ஒவ்வொரு வீட்டின் தரையும் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியது. எதிர்க்கரையில் நிற்கும் திரெஸ்காவட்ஸ் மலையும் ஏறக்குறைய அதே வடிவம். செந்நிறச் சுண்ணாம்புத் தரை, நடுவில் கல் பதித்த அடுப்பு. அடுப்பருகே ஆற்றுக் கல்லில் செதுக்கிய முகங்கள். ஒரு முகத்தின் எதிரே நெடுநேரம் நின்றேன். கண்கள் உருண்டு வெளியே தள்ளியிருக்கின்றன. உதடு இருபுறமும் கீழே வளைந்து, மீனும் மனிதனும் கலந்த முகம். அந்தக் குடியிருப்பை முப்பது மீட்டர் அளவுக்கு மேலே ஏற்றி, இன்று கண்ணாடிக் கூரைக்குள் வைத்திருக்கிறார்கள்.

கீழே ஆற்றோரப் பாறையில் ரோமப் பேரரசன் டிராஜன் கி.பி. 100-ல் சாலை போட்டதைச் சொல்லும் கல்வெட்டு. அதையும் பாறையோடு அறுத்து இருபது மீட்டருக்கு மேல் உயர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். படகில் போனால்தான் பார்க்கலாம். பொறியாளன் என்ற முறையில் அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஒரு விரிசல் விழாமல் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

ஊர் மக்களுக்கும் மேட்டில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், பள்ளி கட்டினார்கள், சுற்றுலாவுக்கென்று பெரிய ஓட்டல் எழுப்பினார்கள். ஆனால் அந்த ஊர் பிழைத்தது ஆற்றை வைத்து. கருங்கடலிலிருந்து டான்யூப் வழியே மேலேறி வரும் மொருனா என்ற ராட்சத மீன் ஒன்று உண்டு. பெலுகா என்று உலகச் சந்தையில் அதன் சினைக்கு மதிப்பு. முதல் அணையும், எண்பதுகளில் கீழே வந்த இரண்டாவது அணையும் அதன் வழியை மறித்துவிட்டன. கரையோர நிலம் நீருக்குள் போனது. மீதி இருப்பது சரிவு. எந்தப் பதிவேட்டில் மீன் வரும் வழிக்குக் கட்டம் இருக்கிறது? நான் நிரப்பிய பதிவேடுகளில் இல்லை.

2002 கணக்கெடுப்பில் அந்த ஊரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். 2011-ல் 2,410. அணை ஒன்றையே இதற்குக் காரணம் சொல்வது நேர்மையாகாது. கிழக்கு செர்பியா முழுவதுமே அறுபதுகளிலிருந்து ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் கூலிக்குப் போய்க் கரைந்த பகுதி. நாட்டின் மக்கள்தொகையே 2011-ல் சுமார் 72 லட்சமாக இருந்து 2022-ல் 66 லட்சத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. அந்த அம்மாளின் இரண்டு பிள்ளைகளும் வியன்னாவில் இருக்கிறார்கள். ஆகஸ்டில் வருவார்களாம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. தெருவில் பாதிக்கு மேற்பட்ட ஜன்னல்கள் இழுத்துச் சாத்தியிருந்தன. குளிர்காலத்தில் கோஷவா காற்று பள்ளத்தாக்கு வழியே அடிக்கும்போது விளக்கெரியும் வீடுகளை எண்ணிவிடலாம் என்றார்.

அதே ஆற்றில் ஆயிரம் மெகாவாட் ஓடுகிறது. இடம் பெயர்த்த மக்களுக்கு ஒரே தடவை தொகை கொடுத்துக் கணக்கை முடிப்பது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். அணை ஓடுகிற காலம் வரைக்கும் நீர்த்தேக்கக் கரையிலுள்ள ஊருக்கு மின்சார விற்பனையில் பங்கு போக வேண்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அந்த ஊர் மன்றமே முடிவு செய்யட்டும்: படகுத் துறையோ, மீன் குஞ்சுப் பண்ணையோ, வியன்னாவிலிருந்து திரும்பி வரும் பிள்ளை தொடங்கும் ஒரு பட்டறையோ. கல்லை முப்பது மீட்டர் ஏற்றுவதற்கு வரைபடம், கண்காணிப்பு, பராமரிப்பு என்று ஐம்பது வருடம் செலவழிக்க முடிகிற அரசுக்கு இதுவும் முடியும்.

புதிதாக அணை வரைகிற இளைஞர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்: தண்ணீர் ஏறிய பத்தாவது வருடம், இருபதாவது வருடம், ஐம்பதாவது வருடம், ஊரில் எத்தனை பேர். அதை நிரப்ப நேரில் போங்கள். நான் கையெழுத்திட்ட ஊர்கள் நான்கு. இந்த மார்கழியில் முதல் ஊருக்குப் பஸ் ஏறுகிறேன்.