சாவு தெரிந்த ஏஜென்ட்

நான் ஆயுள் காப்பீட்டு முகவர். எங்கள் தொழிலில் சாவு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். 'நாளைக்கு நமக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா' என்றுதான் பேச்சை எடுப்போம். உடனே எதிரில் இருப்பவரின் பார்வை சுவர்க் காலண்டருக்குப் போய்விடும். அதனாலேயோ என்னவோ, 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் அமானுஷ்ய வழக்குகளைத் துப்பறியும் முல்டரையும் ஸ்கல்லியையும்விட எனக்கு நெருக்கமானவர், ஒரே அத்தியாயத்தில் வந்துபோகும் கிளைட் ப்ரக்மன். அவரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

மூன்றாவது சீசனின் நான்காவது அத்தியாயம் அது. 1995 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பானது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் குறி சொல்பவர்களை ஒருவன் வரிசையாகக் கொல்கிறான். உள்ளூர் போலீஸ் யாப்பி என்ற டிவி ஜோசியரை அழைத்து வருகிறது. அவர் புருவத்தை நெரித்துக்கொண்டு எதற்கும் பொருந்தும்படி நாலு வார்த்தை சொல்கிறார். அதை நம்பி அத்தனை பேரும் குறித்துக்கொள்கிறார்கள். நிஜமான சக்தி இருப்பதோ, ஆளை விடுங்கள் என்று ஒதுங்கும் ப்ரக்மனிடம். யாரைப் பார்த்தாலும் அவர் எப்படிச் சாவார் என்று இவருக்குத் தெரிந்துவிடும். மற்றபடி உருப்படியாக ஒன்றும் தெரியாது.

ஓர் இளம் தம்பதியிடம் அவர் பாலிசி பேசும் காட்சியை எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். கணவன் வேண்டாம் என்கிறான். இன்னும் இரண்டு வருடத்தில் சாலை விபத்தில் அவன் சாகப்போவதை ப்ரக்மன் விவரமாகச் சொல்கிறார். அத்தனையும் உண்மைதான், ஆனாலும் பாலிசி விற்கவில்லை.

டெத் கிளைம் வேலையாக வீடுகளுக்குப் போகிறேன். பத்திரம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் பாஸ்புக் நகல் எல்லாம் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி, 'முன்னாடியே தெரிஞ்சிருந்தா...' என்பார். தெரிந்த ஒருவருடைய கதி என்ன என்பதைத்தான் இந்த அத்தியாயம் காட்டுகிறது.

இன்று வரும் அமானுஷ்யத் துப்பறியும் தொடர்கள் பலவற்றில் அந்தச் சக்தி போலீசுக்குக் குறுக்குவழி. நாயகியின் கண்முன் காட்சி ஓடும், ஜீப் கிளம்பும், குற்றவாளி சிக்குவான். கதை எழுதுபவருக்கு வேலை மிச்சம். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. கொலைகாரனிடம் சிக்கிய முல்டர் உயிர் பிழைப்பதுகூட ஸ்கல்லி தவறுதலாகச் சரக்கு லிஃப்டில் ஏறி ஹோட்டல் சமையலறையில் இறங்கியதால்தான். ப்ரக்மனின் சக்தி 1959 விமான விபத்திலிருந்து தொடங்குகிறது. பட்டி ஹாலியோடு 'பிக் பாப்பர்' என்ற பாடகரும் அதில் இறந்தார். அவர் அந்த விமானத்தில் ஏற என்னென்ன தற்செயல்கள் கூடியிருக்க வேண்டும் என்று ப்ரக்மன் யோசிக்கத் தொடங்குகிறார். வருடக்கணக்காக யோசித்து யோசித்து, கடைசியில் எல்லோருடைய சாவும் கண்ணில் படும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

எழுதியவர் டேரின் மார்கன். அதே தொடரில் முன்பு ரப்பர் உடைக்குள் புகுந்து புழு மனிதனாக நடித்தவர். ப்ரக்மனாக வருபவர் பீட்டர் பாயில். தொங்கிய கன்னமும் அலுத்த குரலுமாக, எங்கள் கிளை அலுவலகங்களில் பார்க்கும் மூத்த ஏஜென்டேதான். 1996இல் இருவருக்கும் எம்மி விருது கிடைத்தது, தகுதியானவர்களுக்கே கிடைத்தது.

தன் சாவு எப்படி என்று ஸ்கல்லி ப்ரக்மனிடம் கேட்கிறாள். உனக்குச் சாவே இல்லை என்கிறார். ரசிகர்கள் இதை வைத்து ஏதேதோ கணக்குப் போடுகிறார்கள். அவளிடம் மட்டும் அவர் காட்டிய பரிவாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பேய், பிசாசு எதையும் நம்பாத ஸ்கல்லிதான், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு வீட்டில் டிவி பார்க்கும்போது யாப்பியின் விளம்பரம் வருகிறது. கையில் கிடைத்த போனைத் திரையின் மீது வீசுகிறாள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அடுத்தவர் சாவு பயத்தைக் காசாக்கும் யாப்பிகள் இன்றும் காலை நிகழ்ச்சிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.