வேலி போடுபவரின் முகவரி தெரியுமா?

கிள்ளான் - பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேர இடிமழையும் பலத்த காற்றும் வழக்கமானவை. வேலி சாய்ந்தால், தெரிந்தவர் சொன்ன ஆள் என்ற நம்பிக்கையில் முன்பணத்தைக் கொடுத்துவிடுவோர் உண்டு. ஆள் திரும்பி வராவிட்டால்தான் சிக்கல்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால், மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். கைப்பேசி எண் மட்டும் போதாது.

ஆகவே, விலைக்கு முன் முகவரியைக் கேட்பது நல்லது. குத்தகையாளர் சிஐடிபியில் பதிந்தவரா என்றும் பார்க்கலாம். பிஆர்சி கம்பியின் கனம், கம்பம் நடும் ஆழம், முடியும் நாள் ஆகியவை விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது வேண்டும். பெரும்பகுதிப் பணம் வேலை முடிந்த பிறகே. மலிவாகப் பேசி ரசீது தர மறுப்பவரிடம் கொடுத்த பணத்தை மீட்பது கடினம்.