நொச்சி இலை வேற, போத்தல் வேற

"இது இயற்கை, பக்கவிளைவு ஒண்டும் இல்லை." இப்பிடிச் சொல்லித்தான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் எனக்கு அந்த 10 மில்லிலீற்றர் மூலிகை எண்ணெய்யை விற்கப் பார்த்தார்கள். தலையிடி, தடிமன், நித்திரை, நுளம்பு, பரீட்சைப் பயம் எல்லாத்துக்கும் அதுதானாம். கடைசியில் ஒரு வசனம்: "சின்னப்பிள்ளையளுக்கும் பூசலாம், அந்தக் காலத்து ஆக்கள் பாவிச்சதுதானே." எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடைசி வசனத்தில்தான்.

அந்தக் காலத்து ஆக்கள் என்ன பாவிச்சவை? தடிமன் எண்டால் அம்மம்மா வேலியில் நொச்சி முறிச்சு, கொதிதண்ணியில் போட்டு, போர்வையால் மூடி வேது பிடிக்க வைப்பா. ஒரு பானைத் தண்ணிக்கு ஒரு பிடி இலை. நூறு கிராம் நொச்சி இலையில் வாசனை எண்ணெய் ஒரு கிராம்கூட இராது. போத்தலில் இருப்பதோ இலையை நீராவியில் வடித்து, ஆவியைக் குளிரவைத்து, தண்ணீருக்கு மேல் மிதக்கும் எண்ணெய்யை மட்டும் பிரித்தெடுத்தது. அந்தச் சின்னப் போத்தலை நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு கிலோ இலையாவது வேணும். அம்மம்மாவின் அளவைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, அவவின்ர பேரில் யாவாரம் செய்யிறதைப் பாரம்பரியம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

கற்பூரமோ யூக்கலிப்ரஸ் எண்ணெய்யோ சில மில்லிலீற்றர் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் பூசவே கூடாது. வின்ரர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபது அஸ்பிரின் குளிசைக்கு மேல். எங்கட வீட்டு அலுமாரிகளில் கிடக்கிற கோடாலித் தைலத்திலும் அது கலந்திருக்கு. (அதை ஊர்ச் சாமான் எண்டு நினைக்கிறம். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கொம்பனியின் சாமான் அது.)

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்குது. அங்க படிச்ச வைத்தியர் வயசு கேட்பார், அளவு சொல்லுவார். போத்தல் விக்கிறவர் எப்பவாவது வயசு கேட்டவரோ?

எண்ணெய்யே வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. பல்லுக் குத்தினால் பஞ்சில் ஒரு துளி கராம்பு எண்ணெய், பல் வைத்தியரிட்டப் போகும்வரைக்கும். நல்லாக் கேட்கும். சிற்றொனெல்லாவை நிலம் துடைக்கிற தண்ணியில் விடுங்கோ, வீடு மணக்கும். ஆனால் அதைப் பிள்ளையின்ர காலில் பூசிப்போட்டு டெங்குக்குக் காவல் எண்டு இருக்காதேங்கோ. ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான் அதின்ர பலன். டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்கும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. ஒவ்வொரு மாரியிலும் இஞ்ச அது திரும்பி வருது. கிணத்தடி வாளியையும் சிரட்டையையும் கவிழ்த்து வைக்கிற வேலையை எந்தத் துளியும் செய்யாது. காய்ச்சல் எண்டால் தைலத்தோட மினக்கெடாமல் இரத்தம் சோதிக்கப் போங்கோ.

அண்டைக்கு அந்தக் கடையில் மூண்டு கேள்வி கேட்டனான். இது எந்தச் செடி, எத்தனை வீதம், எத்தனை வயசிலயிருந்து பாவிக்கலாம்? போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளில் ஒண்டும் இல்லை.

"லவண்டர் பூப் படம் போட்டிருக்குத்தானே தங்கச்சி" எண்டார்.