குத்தகையா, வாரமா?

"பிள்ளை பிறந்த அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்" என்று உபதேசிக்கிறார்கள். மாதம் ஒரு தொகை, பதினெட்டு வருஷம் போட்டுக்கொண்டே வரவேண்டுமாம். அது குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டு, பையன் காலேஜில் சேருகிற வருஷம் பெட்டி நிறைந்துவிடுமாம். நடுத்தரக் குடும்பம் பிள்ளைகளைப் பட்டப் படிப்பு வரைக்கும் கொண்டுபோவது எப்படி என்று யார் கேட்டாலும், பண விஷயத்தில் நிபுணர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ஓதுகிற மந்திரம் இது. மந்திரத்தில் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் எல்லார் வீட்டிலும் மாதம் என்று ஒன்று பிறக்கிறது என்ற நினைப்பில் செய்யப்பட்ட மந்திரம் அது.

எம்.ரெட்டியபட்டிக்குப் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகிற கரிசல் காடு. கிணற்றை நம்பி வெள்ளாமை வைக்கிறவர்கள் சிலர். வானத்தை நம்பி வைக்கிறவர்கள் பலர். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் பருத்தி, மல்லி, சோளம், குதிரைவாலி என்று விதை மண்ணுக்குள் போகும். தை, மாசியில் மல்லி வீட்டுக்கு வரும். பருத்தி வெடித்துப் பங்குனி, சித்திரை வரைக்கும் கையில் கொஞ்சம் காசு புரளும். அதற்கப்புறம் அடுத்த மகசூல் வரைக்கும் காசு போகும் வழி உண்டு. வரும் வழி இல்லை. கலாசாலைகள் கட்டணம் கேட்கிற மாதங்கள் எவை தெரியுமா? ஆடியும் ஆவணியும். இருந்ததெல்லாம் தீர்ந்து, விதைக்கும் உழவுக்கும் யார் வாசலில் நிற்பது என்று யோசிக்கிற மாதங்கள். இரண்டாவது செமஸ்டருக்குக் கேட்பது மார்கழியில். அப்போது வெள்ளாமை காட்டில் பச்சையாக நிற்கிறது. பச்சையை எந்தக் காலேஜ் ஆபீஸில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள்?

ஆகவே இந்தச் சீமையில் கல்வி நிதி என்பது பெண்களின் கழுத்தில் இருக்கிறது. ஆடியில் சங்கிலி அடகுக்குப் போகும். சித்திரையில் வந்தால் வரும். வராவிட்டால் வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் அங்கேயே வைத்துவிட்டு வருவார்கள். நிபுணர்கள் இதைச் சேமிப்பில் சேர்க்கிறார்களா, செலவில் சேர்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சின்னதாக ஒரு உரக்கடை, ஏழு ஏக்கர் புஞ்சை. மனைவி அரசாங்கச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். பெரியவள் அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்தாள். சின்னவன் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கி, கவுன்சலிங்கில் ஒரு சுயநிதிக் காலேஜில் எஞ்சினீயரிங் இடம் பிடித்தான். சந்தோஷமாகத்தானே இருக்கவேண்டும்? மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பையனுக்கு இடம் கிடைத்துவிட்டதாமே?" என்றேன்.

"கிடைச்சிருச்சு சார். ஆனா நமக்கு ஒண்ணும் கிடையாதாம். வருமானம் கூடிப்போச்சுன்னு சொல்றாக. கூடினது எனக்கே தெரியாமப் போச்சே சார்!"

அவர் சொன்ன கணக்கைக் கேட்டேன். கேட்கக் கேட்க, கோபம் வரவேண்டியது அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்று தமிழ்நாடு அரசாங்கம் 2010-ல் கொண்டுவந்த திட்டம் ஒன்று இருக்கிறது. கவுன்சலிங் மூலம் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது. நல்ல திட்டம். இதனால் படி ஏறியவர்கள் ஏராளம். ஆனால் நண்பரின் மகள் ஏற்கனவே பட்டதாரி. அவள் அந்தச் சலுகையில் ஒரு காசு வாங்கவில்லை. அவள் படித்த படிப்புக்கு அது கிடையாது. இருந்தாலும் அவள் பட்டம் வாங்கிய அன்றே தம்பியின் சலுகை போய்விட்டது. வீட்டுக்கு ஒரு பட்டதாரி வந்துவிட்டால் வீட்டுக்குப் பணமும் வந்துவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது வட்டிச் சலுகை. படிப்புக் கடனுக்கு, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசாங்கமே கட்டுகிற திட்டம் 2009-லிருந்து உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4,50,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். மனைவியின் சம்பளமும் கடை வரும்படியும் சேர்ந்து ஐந்து லட்சம் ஆகிவிட்டது. கடை மட்டும் வைத்திருப்பவர்கள் 72,000 ரூபாய் என்று வருமானச் சான்று வாங்கி வருகிற நாட்டில், மாதா மாதம் அரசாங்கத்தின் கையாலேயே சம்பளம் வாங்குகிறவளுக்கு ஒளிக்க இடம் ஏது? ஒளிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒளிக்க முடியாதவர்கள் மட்டும் அகப்படுகிற வலையைச் சமநீதி என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

இந்தக் கோட்டுக்கு விலை என்ன என்று பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு நான்கு வருஷம், அதற்கு மேல் தவணை கேட்காமல் ஒரு வருஷம். அதற்குள் ஏறுகிற தனி வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அது அரசாங்கத்தின் தலையில். இந்தப் பக்கம் இருந்தால் பையன் தலையில். 50,000 ரூபாய் கூடச் சம்பாதித்ததற்கு 1,40,000 அபராதம். இதற்கு மேலும் 2024-ல் ஒரு புதுத் திட்டம் வந்தது. எட்டு லட்சம் வருமானம் வரைக்கும் நூற்றுக்கு மூன்று வட்டி குறைப்பார்கள். ஆனால் அது பொறுக்கியெடுத்த உயர்ந்த கலாசாலைகளுக்கு மட்டும். அங்கே இடம் பிடித்த பையனுக்குப் பாங்குக்காரர்கள் தாமாகவே நாற்காலி போடுவார்கள்.

இனி நண்பருக்கும் எனக்கும் சண்டை வந்த இடம். அரசாங்கப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் ஏழரை சதவிகித இடம் 2021-லிருந்து இருக்கிறது. அவர்களுடைய கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்கிறது. அரசாங்கப் பள்ளியில் படித்துக் காலேஜுக்குப் போகிற பெண்களுக்கு 2022 முதலும் பையன்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய். "அவுகளுக்கு மட்டும் ஏன் சார்?" என்று நண்பர் கேட்டார்.

"உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் உங்கள் பிள்ளைகளுக்கு ஏன் ஆகவில்லை?" என்று நான் கேட்டேன்.

பதில் இல்லை. பன்னிரண்டு வருஷம் மஞ்சள் வேன் வாசலுக்கு வந்து பிள்ளைகளை டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போயிற்று. வேனுக்கு ஒரு பணம், பள்ளிக்கு ஒரு பணம், சீருடைக்கும் ஷூவுக்கும் ஒரு பணம். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூட்டினால், இன்றைக்குக் காலேஜ் கேட்கிற தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதாவது, நிபுணர்கள் சொன்ன சேமிப்பு நடந்துதான் இருக்கிறது. சேர்ந்த இடம்தான் வேறு. ஊர்ப் பள்ளி நன்றாக இருந்தாலும் அங்கே அனுப்பினால் "என்ன, கஷ்டமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற வெட்கத்துக்குக் கொடுத்த விலை அது. நடுத்தரக் குடும்பத்தை நான் ஆதரித்துப் பேசுகிறேன் என்பதற்காக அதன் அசட்டுத்தனத்தையும் ஆதரிக்கவேண்டியதில்லை. அரசாங்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதைப் பார்த்து வயிறெரிவதில் நியாயமே கிடையாது. திருச்சுழிக்கே அரசுக் கலைக் கல்லூரி வந்தாகிவிட்டது. அதில் சேருவதைக் குறைச்சலாக நினைப்பதிலும் நியாயம் கிடையாது.

ஆனால் தகப்பன் செய்த தப்புக்குப் பையனைத் தண்டிக்கலாமா? வேனில் ஏறியவனைக் கேட்டா ஏற்றினார்கள்?

கடனுக்கு வருவோம். நான்கு லட்சம் வரைக்கும் ஜாமீன் கேட்கக் கூடாது என்பது பாங்குகள் சங்கமே வகுத்த திட்டம். நண்பர் போன பாங்கின் பெயர் வேண்டாம். அங்கே முதலில் "உங்கள் ஊர் எங்கள் எல்லையில் வராது" என்றார்கள். இரண்டாம் தடவை நிலப் பத்திரம் கேட்டார்கள். மூன்றாம் தடவை மானேஜர் லீவு. நாலாவது தடவை கிடைத்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், சர்க்கார் வாசலில் நிற்பது நமக்குப் பழக்கம். பொறுக்க முடியாதது கடனின் அமைப்பு.

கரிசல் காட்டுக்காரனுக்கு நிலத்தை விடுவதில் இரண்டு முறை தெரியும். ஒன்று கட்டுக்குத்தகை. மழை பெய்தாலும் காய்ந்தாலும் பேசிய தொகையைப் பேசிய நாளில் அளந்துவிடவேண்டும். இன்னொன்று வாரம். விளைந்ததில் இவ்வளவு பங்கு உனக்கு, இவ்வளவு எனக்கு; விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. மானாவாரி நிலத்தைக் கட்டுக்குத்தகைக்கு எடுக்கிறவனை ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள்.

பட்டம் என்பது மானாவாரிப் பயிர் அல்லாமல் வேறென்ன? நான்கு வருஷம் உழுது விதைக்கலாம். வேலை என்கிற மழை எந்த வருஷம் பெய்யும் என்று யாருக்குத் தெரியும்? 2020-ல் கொரோனா வந்து ஊரையே அடைத்தபோது பட்டம் வாங்கி வந்த பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் கடன் மட்டும் கட்டுக்குத்தகை. மேலே சொன்ன நான்கு லட்சம், வட்டியோடு சேர்ந்து 5,40,000 ஆகி நிற்கிறது. பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். பையனுக்குக் கோயம்புத்தூரில் 18,000 ரூபாயில் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு நாற்பது தவணைக்குப் போனால், அறை வாடகை எங்கே, சாப்பாடு எங்கே, வீட்டுக்கு அனுப்புவது எங்கே?

கட்டத் தவறினால் அதோடு போகிறதா? கடன் பத்திரத்தில் தகப்பனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதே தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது: பையனுக்கு இரண்டு வருஷம் வேலையில்லை, தவணை நின்றது. தகப்பனார் புரட்டாசியில் பயிர்க்கடன் கேட்கப் போனார். "உங்கள் பேரில் பாக்கி இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையனின் மழை பொய்த்ததற்குத் தகப்பனின் காடு தரிசு கிடந்தது.

இது வாரமாக இருக்கக் கூடாதா? புதுமை ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1989-லேயே செய்தார்கள். படிக்கும்போது அரசாங்கம் கட்டிவிடும். படித்தவனின் வருமானம் ஒரு அளவைத் தாண்டிய பிறகு, வருமான வரியோடு சேர்த்து ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும். அளவுக்குக் கீழே இருக்கிற வருஷம் கேட்காது. விலைவாசிக்குத் தக்கபடி பாக்கி ஏறுமே தவிர, வட்டி கிடையாது. இங்கிலாந்தும் அந்த வழியில் போயிற்று. ஆனால் 2012-ல் கட்டணத்தை வருஷத்துக்கு 9,000 பவுன் வரைக்கும் ஏற்ற விட்டு, வட்டியையும் கூட்டி, ஆயுளில் பாதிக்குப் பாக்கி இழுக்கும்படி செய்துவிட்டார்கள். வாரத்திலும் பேராசைக்கார நிலச்சுவான்தார் உண்டு. அதற்காக வாரமே கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

"இங்கே வருமான வரி கட்டுகிறவர்களே சொற்பம், எப்படி வசூலிப்பீர்கள்?" என்று கேட்பார்கள். சம்பளத்தில் பிராவிடண்டு பண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு மாதா மாதம் பிடிக்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? அதே சம்பளப் பட்டியலில் இன்னொரு வரி. மாதம் 25,000-க்குக் கீழே ஒன்றும் கேட்காதே. மேலே போனால் நூற்றுக்கு எட்டோ பத்தோ எடுத்துக்கொள். சம்பளப் பட்டியலிலேயே பெயர் ஏறாதவனிடம் இன்றைக்கு மட்டும் பாங்குகள் என்ன வசூலித்துவிட்டன? வாராக்கடன் என்று எழுதி, வசூல் கம்பெனிகளுக்குக் குறைந்த விலைக்கு விற்றதுதான் மிச்சம். கம்பெனிக்குத் தள்ளிக் கொடுக்க முடிந்ததைப் பையனுக்குத் தள்ளிக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

"இவ்வளவு பாடு எதற்கு? வசதிக்குத் தக்கபடி ஐ.டி.ஐ. படிக்க வைக்கலாமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். ஐ.டி.ஐ. நல்ல படிப்பு. ஆனால் அந்தப் பெரியவரின் இரண்டு பிள்ளைகளும் எங்கே படித்தார்கள் என்று எனக்குத் தெரியுமாதலால், மேலே பேசவில்லை. 1984-லிருந்து சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது அரசாங்கம். கட்டணத்தை நிர்ணயிக்கக் குழு போட்டதும் அரசாங்கம். 2017-ல் அந்தக் குழு கவுன்சலிங் இடத்துக்கு 50,000, தர அங்கீகாரம் உள்ள படிப்பானால் 55,000 என்றது. கதவைத் திறந்து, டிக்கெட் விலையும் எழுதிப் போட்டுவிட்டு, வந்து நிற்கிறவனைப் பார்த்து "உனக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்பது என்ன நாகரிகம்?

நண்பர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடனாக அனுமதித்தது மூன்றரை லட்சம். மீதிக்குச் சங்கிலி போயிருக்கிறது. பையன் விடுதியில் சேர்ந்தாயிற்று. இந்த வருஷம் மல்லி போடுவதா, பருத்தி போடுவதா என்று கடையில் இருந்தவர்களிடம் அவர் யோசனை கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.