கறிவேப்பிலைச் செடியில் தொடங்கலாம்

"டவுன் பிள்ளைகளுக்கு இயற்கை ஏது? லீவுக்கு முதுமலையோ வால்பாறையோ கூட்டிப் போனால்தான் உண்டு." பெற்றோர் பலர் இப்படிச் சொல்கிறார்கள். பள்ளிகளும் ஆண்டுக்கொரு சுற்றுலாவோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றன. இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

நகரத்தில் ஒன்றுமில்லை என்பதே முதல் தவறு. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. அந்த முட்டைகளைக் காக்க 1988-இல் மாணவர்கள் தொடங்கிய இரவு நடை இன்றும் தொடர்கிறது.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம், பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் கடுகைவிடச் சிறிய முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும்; வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைக்கொம்பு ஒன்று நீளும், குப்பென்று ஒரு வாடையும் வரும். பிறகு ஒரு பட்டிழையால் தன்னைக் குச்சியோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். இதையெல்லாம் நாள்தோறும் பார்த்த பிள்ளைக்கு அந்தப் புழுவோடு ஏற்படும் சொந்தம், ஜீப்பில் ஒரு மணி நேரம் காட்டைச் சுற்றி வந்தால் ஏற்படாது. யானை கண்ணில் படாமல் திரும்பிய பிள்ளைக்கோ காடே ஏமாற்றமாகிவிடுகிறது.

"எங்களுக்கே பெயர் தெரியாதே" என்கிறார்கள். தெரிய வேண்டியதில்லை. தெருமரத்தில் காக்கை தன் குஞ்சென்று குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைச் சேர்ந்து நின்று பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

பூச்சி கடிக்கும் என்ற பயத்தில் நியாயம் உண்டு. கம்பளிப்பூச்சி பட்டால் அரிக்கும், குளவி கொட்டும், பாம்பு இருக்கும் புதரில் கையை விடக் கூடாது. எதைத் தொடலாம், எதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் ஆயிற்று. கதவைச் சாத்தி வளர்த்தால் பயம் மட்டும்தான் வளரும்.

போனை விடமாட்டார்கள் என்பது கடைசிக் குறை. ஆண்டுக்கு ஒருநாள் சுற்றுலாவா போனை வெல்லப் போகிறது? தினமும் போய்ப் பார்க்க ஒன்று வேண்டும். கேரளத்தில் ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்ச் திட்டத்தில் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்து, எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது என்று வாரந்தோறும் குறித்து வருகிறார்கள். நம் பள்ளி வாசல்களிலும் வேம்பும் புங்கமும் நிற்கின்றன. அதற்குப் பேருந்தும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.