பேரம் பேசாத ஊரில்

புறக்கோட்டையில் சொன்ன விலைக்கே பொருள் வாங்கி வருபவரை ஏமாளி என்போம். அந்தப் பழக்கத்தைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து எடுத்துச் செல்வதில்தான் சிக்கல்.

ஜப்பானின் கியோட்டோ நகரில், சிறிய மட்பாண்டக் கடையொன்றில் தேநீர்க் கிண்ணமொன்றைத் தெரிவு செய்து, விலையைக் குறைக்குமாறு சைகையால் கேட்டேன். கடைக்கார மூதாட்டி முகம் சுளிக்கவில்லை. விலை குறைந்த வேறொரு கிண்ணத்தைப் பணிவுடன் எடுத்து வந்து நீட்டினார். என்னிடம் பணம் போதவில்லை என்றே அவர் எண்ணியிருக்கிறார். வெட்கிப் போனேன், முதற் கிண்ணத்தையே முழு விலைக்கு வாங்கினேன்.

அங்கு சாதாரணக் கடைகளில் பேரம் பேசும் வழக்கம் இல்லை. வரியும் சேர்ந்த மொத்த விலையைக் காட்டவேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். பணத்தைக் கையில் திணிக்காமல், காசாளர் முன்னுள்ள சிறு தட்டில் வைக்கவேண்டும். உடை அணிந்து பார்க்கும் அறைக்குள் பாதணியைக் கழற்றிவிட்டே நுழையவேண்டும். மிகுதிப் பணத்தை அன்பளிப்பாக விட்டு வருவதும் வழக்கமன்று.

பேரம் தவறென்று நான் சொல்லமாட்டேன். நம்மூரில் அது உறவாடல். அங்கோ எழுதிவைத்த விலை, கடைக்காரர் தரும் வாக்கு. அதைக் குறைக்கக் கேட்பது அவ்வாக்கை ஐயுறுவதாகும். பயணத்துக்கு முன் நாணயமாற்று வீதத்தை விசாரிக்கும் நாம், கடை வழக்கத்தையும் சற்று விசாரித்தால் என்ன?