எங்கள் இரத்தமும் அவர்களின் பட்டமும்

"உவங்களுக்கு உன்ர கதையைச் சொல்லிப்போட்டு என்னத்தைக் கண்டனி தம்பி?" - றெஸ்ரோறன்ற் குசினியில் என்னோடு வேலை செய்யும் அண்ணை கேட்டார்.

ஒஸ்லோவில் ஆய்வொன்றுக்காக நான் நேர்காணல் கொடுத்துவிட்டு வந்த கிழமை அது. 'அகதிகளின் உளநலம்' என்பது பொருள். இரண்டு மணித்தியாலம் பேசினேன். பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஏன் ஓடிவந்தேன், எதைக் கண்டேன், இரவில் நித்திரை வருகிறதா - எல்லாம் கேட்டார்கள். அகதி விசாரணையில் கேட்ட அதே கேள்விகள்தான். அங்கே பொய்யைத் தேடினார்கள். இங்கே காயத்தைத் தேடினார்கள். முடிவில் ஒரு சினிமா ரிக்கற் தந்தார்கள். மூன்று வருடங்களாகிவிட்டன. அந்த ஆய்வு எதைக் கண்டுபிடித்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்டவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். சொன்னவனுக்கு அன்றிரவு நித்திரை கிடைக்கவில்லை.

ஆகவே, 'போகாதீர்கள்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அண்ணையின் காலைப் பார்த்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை.

2002 இல் ஒஸ்லோவில் குடியேறியோர் மத்தியில் ஒரு பெரிய சுகாதார ஆய்வு நடந்தது. துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்தவர்களை அழைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், உயரம், நிறை, இடுப்பளவு அளந்தார்கள். அண்ணைக்கும் கடிதம் வந்தது. 'உது விசாக் கந்தோருக்குப் போகும்' என்று யாரோ சொல்ல, கடிதத்தைக் குப்பைக்குள் போட்டுவிட்டார். போனவர்களின் இரத்தம் என்ன சொன்னது? நோர்வேஜியரைவிடப் பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும் நீரிழிவு மிக அதிகம் என்று சொன்னது. 2010 இல் ஒஸ்லோ வாழ் இலங்கையரையும் கண்டி வாசிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையும் வந்தது. ஆங்கிலத்தில், எவரும் காசில்லாமல் வாசிக்கலாம். அடுத்த வருடம் அண்ணையின் காலில் வந்த புண் ஆறவில்லை. அப்போதுதான் தனக்குச் சீனி வருத்தம் என்று அறிந்தார். இரண்டு விரல்கள் போய்விட்டன.

அவர் பயந்ததை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். இந்த நாட்டின் சாமி மக்களிடம் கேளுங்கள். 1852 இல் கௌத்தகெய்னோவில் நடந்த கிளர்ச்சிக்காக அஸ்லாக் ஹெத்தா, மொன்ஸ் சொம்பி என்ற இருவரின் தலைகளை 1854 இல் வெட்டினார்கள். மண்டையோடுகள் தலைநகரின் பல்கலைக்கழகத்துக்குப் போயின - 'விஞ்ஞானத்துக்காக'! சந்ததியினர் போராடி மீட்டு, 1997 இல்தான் அவற்றைப் புதைக்க முடிந்தது. தலைகளை மண்ணில் சேர்க்க 143 வருடங்கள்.

ஆனால் சாமி மக்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவில்லை. தங்கள் மக்கள் பற்றிய சுகாதார ஆய்வுகளுக்குத் தாங்களே நெறிமுறைகள் வகுத்தார்கள். எங்களை ஆராய வருபவர் எங்களிடமும் கேட்கவேண்டும் என்று அவர்களது பாராளுமன்றம் சொல்கிறது.

நாங்கள்? எங்களுக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்துகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். ரோல்ஸும் வடையும் விற்று, இனிப்புத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறோம். அதே மண்டபத்தில், 'எங்களுக்குள் நீரிழிவு இவ்வளவு அதிகமாம்' என்று ஒரு பக்கத்தைத் தமிழாக்கி வாசிக்க ஒரு செயலாளருக்கும் நேரம் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகத்தை மட்டும் திட்டிவிட்டு நாங்கள் தப்பமுடியாது.

ஒப்புதல் பத்திரத்தையும் பாருங்கள். முகாமில் தந்த கடதாசி, வேலை ஒப்பந்தம், வங்கிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் போலவே இதற்கும் எம்மவர் கேட்பது ஒரே கேள்வி: "எங்க சைன் வைக்கிறது?" 2009 ஆடியில் நடைமுறைக்கு வந்த சுகாதார ஆராய்ச்சிச் சட்டம் என்ன சொல்கிறது? சம்மதம் விளங்கிக் கொடுத்ததாக இருக்கவேண்டும். விரும்பிக் கொடுத்ததாக இருக்கவேண்டும். எப்போதும் திரும்பப் பெறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இடைநடுவில் எழும்பி வரலாம். அன்று என் கடதாசியிலும் இது எழுதியிருந்தது. நானும் வாசிக்காமல்தான் வைத்தேன். வாசித்திருந்தால் அந்த இரண்டாவது மணித்தியாலத்தை அந்தக் கதிரையில் கழித்திருக்கமாட்டேன்.

போங்கள். நாங்கள் போகாவிட்டால், எங்களை எண்ணாத கணக்கை வைத்துக்கொண்டுதான் எங்களுக்கும் மருந்து எழுதுவார்கள். ஆனால் மூன்று கேள்விகளோடு போங்கள். நான் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள்? சொன்ன பிறகு எனக்கு ஏதும் நடந்தால் யாரிடம் போவது? முடிவை எப்போது தமிழில் தருவீர்கள்? மூன்றாவதற்கு மறுமொழி இல்லையென்றால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருபவனுக்குச் சினிமா ரிக்கற் கூலி ஆகாது. அவனிடமிருந்து எடுத்த அறிவை அவனுடைய மொழியில் திருப்பிக் கொடுப்பதே குறைந்தபட்சக் கூலி.

என்னைப் பேட்டி கண்டவருக்குப் போன கிழமை கடிதம் எழுதினேன். முடிவைக் கேட்டிருக்கிறேன். வந்தால் தமிழாக்கி இந்தப் பக்கங்களுக்கே அனுப்புவேன். வராவிட்டால் திரும்பவும் எழுதுவேன். முதல் பிரதி அண்ணைக்கு.